தீனி மறுக்கும் லெப்பர்டு கெக்கோ: மருந்துக்கு முன் பார்க்க வேண்டியவை

வீடுகளில் வளர்க்கப்படும் பல்லி இனங்களுள் லெப்பர்டு கெக்கோவுக்கு முன்னணி இடம் உண்டு. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளின் வறண்ட பாறை நிலங்களைச் சேர்ந்த இந்தப் பல்லிக்கு, நம் சுவர்ப் பல்லிக்கு இல்லாத இமை உண்டு. சுவரேறும் ஒட்டுப் பாதம் இல்லை. இரை மிகுந்த காலத்தில் கொழுப்பை வாலில் சேர்த்து வைத்துக்கொண்டு, இரை கிடைக்காத மாதங்களை அதைக் கொண்டே கடத்திவிடும். வளர்ப்பவரை ஏமாற்றுவதும் இந்தப் பண்புதான். பத்து நாள் தீனிப் புழுவைத் திரும்பியும் பாராத கெக்கோ முழு நலத்துடன் இருக்கக்கூடும். தட்டில் வைத்ததையெல்லாம் காலி செய்கின்ற கெக்கோ, குடலில் ஒட்டுண்ணி பெருகி, நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டிருக்கவும் கூடும்.

எனவே தீனி மறுத்தவுடன் குடற்புழு மருந்தைத் தேடி ஓடாமல், எடை, வெப்பம், உடல், எச்சம் என்ற வரிசையில் பார்த்துவிட்டு, கடைசியாகவே மருந்துக்கு வர வேண்டும் என்பது இக்கட்டுரையின் நிலை. இந்த வரிசையைத் தலைகீழாக்கி மருந்திலிருந்து தொடங்குபவர்கள் ஏராளம். நோயால் இறக்க வேண்டியிராத கெக்கோ மருந்தால் இறப்பது அப்படித்தான்.

எடையே முதல் சாட்சி

சமையலறையில் மாவு நிறுக்கப் பயன்படும் டிஜிட்டல் தராசு போதும். வளர்ந்த கெக்கோவுக்கு ஒரு கிராம் துல்லியம் போதுமானது, குட்டிக்கு 0.1 கிராம் வரை காட்டும் தராசு வேண்டும். உயரமான சுவர் கொண்ட சிறு பிளாஸ்டிக் டப்பாவைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, கெக்கோவை மெல்ல அதனுள் இறக்கி, அது அசையாமல் நிற்கும் நொடியில் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். எச்சமிடுவதற்கு முன்னும் பின்னும் எடையில் ஒன்றிரண்டு கிராம் வேறுபாடு வருவது இயல்பு என்பதால், வாரம் ஒருமுறை, தீனி வைப்பதற்கு முன், ஏறக்குறைய அதே நேரத்தில் நிறுப்பது நல்லது. பொதுவாக வளர்ந்த கெக்கோ 45 முதல் 80 கிராம் வரை இருக்கும். ஆனால் பொது அளவைவிட, உங்கள் கெக்கோவின் சொந்த எடை சென்ற மாதம் என்னவாக இருந்தது என்பதே முக்கியம்.

அந்தச் சொந்த எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால், அதாவது 60 கிராம் இருந்தது 54 கிராமுக்கு இறங்கிவிட்டால், காரணம் எதுவாக இருந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது. எடை அசையாமல் நிற்கிறது, வாலும் பருமனாக இருக்கிறது என்றால், வளர்ந்த கெக்கோ இரண்டு வாரம் தின்னாவிட்டாலும் பதற்றம் தேவையில்லை. குட்டிகளுக்கு இந்தச் சலுகை கிடையாது: வாலில் சேமிப்பு இல்லாத வயதில் நான்கைந்து நாள் பட்டினியே ஆபத்தாகும். தராசு கைவசம் இல்லாதவர்கள் மேலிருந்து நேராகப் பார்த்து, வாலின் அடிப்பகுதியைக் கழுத்தோடு ஒப்பிடலாம். வால் கழுத்தளவு பருத்தோ அதைவிடப் பருத்தோ இருந்தால் நலம். கழுத்தைவிட ஒடுங்கி, எலும்பின் முடிச்சுகள் தோலுக்கடியில் வரிசையாகத் தெரியத் தொடங்கினால் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள்.

வெப்பம்: பெரும்பாலான புகார்கள் முடிந்துபோகும் இடம்

கெக்கோ தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளாத உயிர். வயிற்றுக்கடியில் போதிய சூடு இல்லையென்றால் தின்ற இரை செரிக்காது. செரிக்காத வயிற்றோடு இருக்கும் கெக்கோ அடுத்த இரையை மறுப்பது அதன் அறிவுடைமையே தவிர நோயன்று. தொட்டியின் சூடான பக்கத்து மறைவிடத்தில், தரைமட்டத்தில், 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும்; எதிர்ப்பக்கம் 22 முதல் 25 டிகிரிக்குள் இருக்கலாம். இரவில் சற்றுக் குறைவதால் தீங்கில்லை.

இந்த அளவுகளை எல்லாரும் அறிந்திருக்கிறார்கள். அளக்கும் இடத்தில்தான் தவறுகிறார்கள். கண்ணாடிச் சுவரில் ஒட்டியிருக்கும் வட்ட வெப்பமானி கண்ணாடியின் சூட்டைச் சொல்லுமே ஒழிய, கெக்கோ வயிற்றை வைத்துப் படுக்கும் தரையின் சூட்டைச் சொல்லாது. கம்பி முனை கொண்ட டிஜிட்டல் வெப்பமானியின் முனையை, சூடான மறைவிடத்துக்குள், கெக்கோ படுக்கும் அதே இடத்தில் வைத்து அளக்க வேண்டும். கனடாவிலும் பிரிட்டனிலும் உள்ள வீடுகளில் குளிர்காலத்தில் நிலவறை அறையோ சன்னலோரமோ மற்ற அறைகளைவிடப் பல டிகிரி குளிர்ந்துவிடுவதால், கோடையில் சரியாக இருந்த அதே ஹீட் மேட் (தொட்டியின் தரையைச் சூடாக்கும் மின்விரிப்பு) டிசம்பரில் போதாமல் போகும். இதற்கு நேர்மாறான கேடும் உண்டு. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கருவியை இணைக்காத ஹீட் மேட் வயிற்றுத் தோலைச் சுட்டுவிடும் அளவுக்குச் சூடேறும். தெர்மோஸ்டாட்டுக்குச் செலவிடத் தயங்குபவர், மருத்துவமனைக் கட்டணத்தை ஒருமுறை விசாரித்துவிட்டு முடிவெடுக்கலாம்.

வெப்பத்தைச் சரிசெய்த பின், கெக்கோவைத் தொந்தரவு செய்யாமல் ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். மற்ற இயல்பான காரணங்களையும் இதே வாரத்தில் எண்ணிப் பார்த்துவிடலாம். தோல் உரிப்பதற்கு முன் நிறம் மங்கி வெளிறியிருக்கும் இரண்டு மூன்று நாளில் கெக்கோ தின்னாது. உரித்த தோலையே தின்றுவிடும். புதிதாக வீட்டுக்கு வந்ததும், தொட்டி இடம் மாறியதும், ஒன்றிரண்டு வாரம் மறைவிடத்தை விட்டு வெளியே வராமல் போவதற்குப் போதிய காரணங்கள். காட்டு நிலையில் குளிர் மாதங்களைப் பதுங்கிக் கழிக்கும் இனம் என்பதால், தொட்டி கதகதப்பாக இருந்தாலும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பசி மந்தமாகலாம். இனப்பெருக்கப் பருவத்தில் ஆண் கெக்கோ வாரக்கணக்கில் தீனியை அலட்சியம் செய்யும். பெண் கெக்கோ ஆணோடு சேராமலேயே முட்டையிடக்கூடியது. முட்டை சுமந்திருந்தால், கண்ணாடிக்குக் கீழிருந்து டார்ச் அடித்துப் பார்க்கும்போது வயிற்றுத் தோலின் ஊடாக இருபுறமும் வெளிர் நிறத்தில் இரண்டு நீள்வட்டங்கள் தெரியும். முட்டை வெளிவராமல் தங்கிவிட்டால் அது உயிருக்கே ஆபத்து. நிலத்தைத் தோண்டித் தோண்டிக் களைத்துச் சோர்ந்து கிடக்கும் பெண் கெக்கோவை அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

ருசிப் பழக்கமும் ஒரு காரணம். கொழுப்பு மிகுந்த மெழுகுப் புழுவை அடிக்கடி கொடுத்துப் பழக்கிவிட்டால், மீல்வார்ம் புழுவையும் சுவர்க்கோழியையும் அது ஏறெடுத்தும் பார்க்காது. இதில் பிடிவாதம் காட்ட வேண்டியவர் நாம்.

உடலைப் பார்க்கும் முறை

கெக்கோவைக் கையில் எடுக்கும்போது வாலைப் பிடிக்கவே கூடாது. அஞ்சினால் வாலை உதிர்த்துவிடும், சேமிப்பு முழுவதும் அதோடு போய்விடும். நல்ல வெளிச்சத்தில் கண்ணிலிருந்து தொடங்குங்கள். இமைக்கடியில் உரிந்த தோலின் துணுக்கு சிக்கியிருந்தாலோ, வைட்டமின் ஏ குறைவால் கண் வீங்கி மூடியிருந்தாலோ, கெக்கோவுக்கு இரை கண்ணுக்குத் தெரிவதில்லை. அதைத்தான் நாம் பசியின்மை என்று தவறாகப் படித்துக்கொள்கிறோம். புழுவை நோக்கிப் பாய்ந்து, குறி தவறித் தரையைக் கவ்வும் கெக்கோவுக்குப் பசி இருக்கிறது, பார்வை இல்லை. அடுத்து வாயோரம்: வீக்கம், சீழ், வாய் முழுதாக மூடாமை. பிறகு கால்கள்: வளைந்த எலும்பு, நடுக்கம், வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு நடத்தல் ஆகியவை கால்சியக் குறைவைக் காட்டும். தொட்டியில் மணல் பரப்பியிருந்து, பல நாளாக எச்சம் வராமல் வயிறு உப்பியிருந்தால், குடலில் மணல் அடைத்திருக்கக்கூடும். அதை எக்ஸ்ரேயில்தான் உறுதி செய்ய முடியும்.

இவற்றில் எதுவும் இல்லை, வெப்பமும் சரி, பருவமும் காரணமில்லை, ஆனால் எடை இறங்கிக்கொண்டே போகிறது. அப்போதுதான் ஒட்டுண்ணியைச் சந்தேகிப்பதற்குப் பொருள் உண்டு.

எச்சத்தைப் படித்தலும் சேகரித்தலும்

தொட்டியில் உள்ள மண், மணல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வெள்ளை நிறக் கிச்சன் டவல் தாளை விரித்துவிடுங்கள். கெக்கோ பெரும்பாலும் தொட்டியின் ஒரே மூலையில்தான் எச்சமிடும். அந்த மூலையில் மட்டும் இரண்டடுக்குத் தாள் போட்டால் எடுப்பது எளிது. நலமான எச்சம் கரும்பழுப்பு நிறத்தில், வடிவம் கெடாத சிறு உருளையாக இருக்கும். அதன் ஒரு முனையில் சுண்ணாம்புத் துண்டு போன்ற வெண்மையான யூரேட், அதாவது கெட்டியான சிறுநீர்க் கழிவு, ஒட்டியிருக்கும். யூரேட் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ மாறியிருந்தால் முதலில் நீர்க்குறைவை நினைக்க வேண்டும். எச்சம் குழைந்து தாளில் ஈரமாகப் பரவியிருத்தல், சளி போன்ற படலம், இரத்தக் கோடு, வழக்கத்தை மீறிய நாற்றம், தின்ற புழு செரிக்காமல் அப்படியே முழுதாக வெளிவருதல், தின்றதைக் கக்குதல் ஆகியவை ஒட்டுண்ணிச் சந்தேகத்தை வலுப்படுத்தும். மீல்வார்மின் காலியான தோல் மட்டும் வெளிவருவது இயல்பே. அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. எச்சம் பார்ப்பதற்கு நன்றாக இருப்பதால் ஒட்டுண்ணி இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. முட்டைகளைக் கண்ணால் காண முடியாது.

பரிசோதனைக்கு எவ்வளவு புதிய எச்சம் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. சில ஒட்டுண்ணிகளை அவற்றின் அசைவைக் கொண்டே மைக்ராஸ்கோப்பில் அடையாளம் காண்பார்கள். எச்சம் உலர்ந்தாலோ நெடுநேரம் ஆறினாலோ அந்த அசைவு நின்றுவிடும். காலையில் கண்ட எச்சத்தை, ஈரப்படுத்திய சிறு தாள் துண்டோடு மூடியுள்ள டப்பாவிலோ ஜிப் பையிலோ இட்டு, தேதியும் நேரமும் எழுதி, அன்றே கொடுத்துவிடுவது சிறந்தது. அன்றே முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், உணவுப் பொருள்களிலிருந்து விலக்கி, இன்னொரு டப்பாவுக்குள் வைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுக்கலாம். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது.

மருத்துவமனையில் நடப்பது

நாய், பூனை பார்க்கும் எல்லா மருத்துவரும் ஊர்வன பார்ப்பதில்லை. தொலைபேசியில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஏ.ஆர்.ஏ.வி. என்ற பெயரில் அறியப்படும் ஊர்வன, நீர்நில வாழ்வன மருத்துவர்களின் சங்கம், உறுப்பினர்களின் பட்டியலைத் தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. போகும்போது எடைக் குறிப்பு, தொட்டியின் படம், வெப்ப அளவுகள், என்ன தீனி, என்ன கால்சியத் தூள் என்ற விவரங்களைக் கொண்டுபோனால் பாதி நேரம் மிச்சமாகும்.

எச்சத்தை வழக்கமாக இரண்டு விதத்தில் பார்ப்பார்கள். உப்புக் கரைசலில் சிறிது கலந்து உடனே மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது ஒன்று. அடர்ந்த உப்பு அல்லது சர்க்கரைக் கரைசலில் கலக்கி, மிதந்து மேலே வரும் முட்டைகளைக் கண்ணாடித் தகட்டில் எடுத்துப் பார்ப்பது மற்றொன்று. கெக்கோக்களில் அடிக்கடி காணப்படுவது பின்வார்ம் என்ற மெல்லிய குடற்புழு. இதன் முட்டை எச்சத்தோடு வெளியேறி, தொட்டியிலேயே கிடந்து, மீண்டும் அதே கெக்கோவின் வாய்க்குள் போய்ச் சேருவதால், அழுக்கான தொட்டியில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். ஆனால் குறைந்த எண்ணிக்கையில் இருந்தால் பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. நலமாக உள்ள கெக்கோவில் நாலைந்து முட்டை கண்டதற்காக மருந்து கொடுக்காமல் விடுகின்ற மருத்துவர் அலட்சியக்காரர் அல்லர். காக்சிடியா என்ற ஒருசெல் குடல் ஒட்டுண்ணி, கசையிழை கொண்ட வேறு ஒருசெல் உயிர்கள் ஆகியவையும் காணப்படலாம். இரையாகக் கொடுத்த பூச்சியின் குடலில் வாழும் ஒட்டுண்ணிகள் கெக்கோவின் குடல் வழியே வெறுமனே கடந்து வந்து எச்சத்தில் தோன்றுவதும் உண்டு. அவற்றைப் பிரித்தறிவதற்குத்தான் பழகிய கண் வேண்டும். ஒட்டுண்ணிகள் எல்லா நாளும் எச்சத்தில் வெளியேறுவதில்லை என்பதால், ஒருமுறை ஒன்றும் தெரியவில்லை என்ற முடிவு வந்தும் எடை இறங்கினால், மறுபடி எச்சம் கொடுக்க வேண்டும்.

பின்வார்முக்கு ஃபென்பென்டசோல், காக்சிடியாவுக்கு டோல்ட்ராசுரில் அல்லது போனாசுரில், கசையிழை உயிர்களுக்கு மெட்ரோனிடசோல் என்று ஒவ்வொன்றுக்கும் தனி மருந்து உண்டு. ஒன்றுக்கான மருந்து பெரும்பாலும் மற்றொன்றைத் தொடாது. அளவின் நுண்மையைக் கணக்கிட்டுப் பார்த்தால் சுயமருத்துவம் ஏன் கூடாது என்பது விளங்கிவிடும். ஃபென்பென்டசோல் மருத்துவர்களால் கிலோவுக்கு 25 முதல் 50 மில்லிகிராம் என்ற அளவில் தரப்படுகிறது. 60 கிராம் கெக்கோவுக்கு அது 1.5 முதல் 3 மில்லிகிராம். கடையில் கிடைக்கும் 10 சதவீதத் திரவத்தின் ஒரே ஒரு துளியில் ஏறக்குறைய 5 மில்லிகிராம் இருக்கும். அதாவது ஒரு துளியே மிகை. மிகையான ஃபென்பென்டசோல் இரத்த வெள்ளணுக்களைக் குறைத்துவிடும். மிகையான மெட்ரோனிடசோல் நரம்பைத் தாக்கித் தலையைச் சாய்த்துத் தள்ளாட வைக்கும். குழந்தைகளுக்குக் கொடுக்கும் 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் மாத்திரையைக் கிள்ளிக் கொடுப்பதைப் பற்றி இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. வேப்பிலைச் சாறு, மஞ்சள் தண்ணீர் போன்ற நம் வீட்டு வைத்தியங்களும் வேண்டாம். பெரும்பாலும் பூச்சியையே தின்று செரிக்கும் குடலுக்கு அவை பழக்கமில்லாதவை.

கிரிப்டோ என்னும் தனிக் கணக்கு

மேலே சொன்னவை பெரும்பாலும் தீரக்கூடியவை. லெப்பர்டு கெக்கோ வளர்ப்போர் உண்மையில் அஞ்ச வேண்டியது கிரிப்டோஸ்போரிடியம் வாரானி என்ற ஒருசெல் ஒட்டுண்ணி. இது குடலின் உட்சுவரைத் தாக்கி உணவைச் சத்தாக மாறவிடாமல் செய்கிறது. முதலில் கெக்கோ தின்றுகொண்டேயிருக்கும், ஆனால் இளைக்கும். பிறகு எச்சம் நீர்த்துப்போகும். பிறகு தீனியை நிறுத்தும். கடைசியில் வால் குச்சிபோல் ஆகிவிடும். அதனால்தான் வளர்ப்போர் இதைக் குச்சிவால் நோய் என்கிறார்கள். ஆனால் குச்சிவால் எல்லாம் கிரிப்டோ ஆகாது. நீண்ட பட்டினியும், கடுமையான பின்வார்ம் தொற்றும் வாலை அதே நிலைக்குக் கொண்டுவரும். வாலைப் பார்த்து மரண தண்டனை எழுதிவிடாமல், பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

இதன் முட்டையுறை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்குதான் இருக்கும். சாதாரண எச்சப் பரிசோதனையில் தப்பிவிடும் என்பதால், சிறப்புச் சாயமேற்றிப் பார்த்தல் அல்லது கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனை வேண்டும் என்று கேட்டுப் பெற வேண்டும். எலிக் குஞ்சு தின்ற கெக்கோவின் எச்சத்தில் எலியின் கிரிப்டோ வகை தெரிந்து குழப்பம் உண்டாவதும் உண்டு. எந்த இனம் என்று பிரித்துச் சொல்லும் பி.சி.ஆர். அந்தக் குழப்பத்தைத் தீர்க்கும். நம்பத்தகுந்த முழுத் தீர்வு இன்னும் இல்லை. பாரோமோமைசின் என்ற மருந்து அறிகுறிகளையும் கிருமி வெளியேறுவதையும் குறைக்கும். நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். நோய் உறுதியான கெக்கோவைத் தனியே, மற்ற ஊர்வனவற்றிடமிருந்து நிரந்தரமாகப் பிரித்து வைத்து வளர்ப்பதா, வேதனை முற்றிய நிலையில் கருணைக் கொலைக்கு ஒப்புவதா என்பதை மருத்துவரோடு பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும். கனமான முடிவுதான், ஆனால் வீட்டில் வேறு கெக்கோக்கள் இருந்தால் தள்ளிப்போட முடியாத முடிவு.

துணி துவைக்கும் பிளீச் கிரிப்டோவை ஒன்றும் செய்யாது. கொதிநீரும் நீராவியும் கொல்லும். நன்றாக உலரவிடுவதும் உதவும். அமோனியாக் கரைசலும் பயன்படும், ஆனால் பிளீச் பட்ட இடத்தில் அமோனியாவை ஊற்றினால் நச்சு வாயு உண்டாகும் என்பதை மறக்கக் கூடாது. மரத்துண்டு, தேங்காய் ஓடு போன்ற துளையுள்ள பொருள்களைச் சுத்தம் செய்ய முயலாமல் எறிந்துவிடுவதே நல்லது.

சிகிச்சைக் காலத்தில் கவனிப்பு

சிகிச்சை நடக்கும் நாள்களில் தொட்டி வெறுமையாக இருக்கட்டும்: தாள், பிளாஸ்டிக் மறைவிடங்கள் இரண்டு, ஈரத் தாள் வைத்த மறைவிடம் ஒன்று, தண்ணீர்க் கிண்ணம். எச்சத்தைக் கண்டவுடன் எடுத்துவிடவும். தாளை நாள்தோறும் மாற்றவும். பின்வார்ம் மருந்தை மருத்துவர் இரண்டு வாரம் கழித்து மறுபடி கொடுக்கச் சொல்வது, முதல் முறை தப்பிய முட்டைகளிலிருந்து வந்த புழுக்களைக் கொல்வதற்காக. இடையில் தொட்டி அழுக்கானால் அந்த இரண்டாவது அளவும் வீணாகும்.

தீனியைவிடத் தண்ணீர் முதலில் வேண்டும். மூக்கு நுனியில் சிரிஞ்சால் ஒரு துளி தண்ணீர் வைத்தால் நக்கிக் குடிக்கும்; வாய்க்குள் பீய்ச்சினால் நுரையீரலுக்குப் போய்விடும். கணுக்காலளவு வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் நிற்க வைக்கலாம். வாயைப் பிளந்து புழுவைத் திணிப்பதை மருத்துவர் செய்து காட்டாமல் செய்யாதீர்கள். குளிர்ந்து, நீர் வற்றிய உடலில் திணித்த இரை செரிக்காமல் அழுகிவிடும். நசுக்கிய புழுவின் சாற்றை உதட்டோரம் தடவினால் நக்கத் தொடங்கும் கெக்கோக்கள் உண்டு. மருத்துவர் தரும் தூள் உணவையும் அவ்வாறே குழைத்துத் தடவலாம். உயிருள்ள சுவர்க்கோழிகளை இரவு முழுதும் தொட்டியில் விட்டுவைத்தால், சோர்ந்து கிடக்கும் கெக்கோவின் விரலையும் வாலையும் அவை கடிக்கும். தோட்டத்தில் பிடித்த பூச்சிகளை இந்தக் காலத்தில் மட்டுமல்ல, எப்போதுமே தவிர்க்கலாம். பூச்சிமருந்தும் ஒட்டுண்ணியும் அவற்றோடு வரும். மின்மினி ஒன்றே கெக்கோவைக் கொல்லப் போதுமான நஞ்சுடையது.

ஒவ்வொரு முறையும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். நலமாகத் தெரியும் ஊர்வனவும் சால்மொனெல்லா கிருமியைச் சுமந்திருக்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் அவற்றைத் தொடாமலிருப்பதே பாதுகாப்பு. தொட்டிப் பொருள்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம்.

வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட கெக்கோக்கள் இருந்தால், நலமானவற்றை முதலிலும் நோயுற்றதைக் கடைசியிலும் கவனியுங்கள். இடுக்கி, கிண்ணம், தராசு டப்பா அனைத்தும் அதற்கெனத் தனியாக இருக்கட்டும். அது தின்னாமல் விட்ட புழுவை மற்றதன் தட்டில் போடக் கூடாது. புதிதாக வாங்கும் எந்தக் கெக்கோவையும் மூன்று மாதம் வேறு அறையில் வைத்து, அதற்குள் குறைந்தது இரண்டு முறையாவது எச்சம் பரிசோதித்த பிறகே மற்றவற்றின் அருகில் கொண்டுவர வேண்டும்.

மருந்து முடிந்து சில வாரங்கள் கழித்து, மருத்துவர் சொல்லும் நாளில், மறுபடி எச்சம் கொடுத்து முடிவைப் பெறுங்கள். கெக்கோ தின்னத் தொடங்கிவிட்டது என்பதற்காக இதைத் தவிர்க்க வேண்டாம். முடிவு தெளிவாக வந்து, வாராந்திர எடை தொடர்ந்து ஏறத் தொடங்கிய பிறகு, தாளை எடுத்துவிட்டுப் பழைய தரையை அமைக்கலாம்.